ஒரே மேசையில்

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த ஞாயிறும் வேலை இருப்பதால் வீட்டுக்கு வர முடியாது என்று அம்மாவிடம் சொன்னீர்கள். அன்றுதான் புத்தகக் கண்காட்சிக்காக, நீங்கள் வேலை பார்க்கும் ஊருக்குப் பள்ளியில் எங்களை அழைத்து வந்தார்கள். மதியம் தோழிகளோடு அந்தச் சின்ன உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் நகர்ந்துக்குங்கம்மா, மூணு பேருக்கு இடம் வேணும்" என்று பரிமாறுபவர் உங்களை எங்கள் மேசைக்கே கூட்டி வந்தார். நீங்கள், அந்த அம்மாள், "அப்பா, தண்ணி" என்று உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த சிறுமி.

கதைகளில் இப்படி நேர்ந்தால் டம்ளர் கைநழுவி விழும். நான் அந்தக் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"என்னங்க, இந்தப் பொண்ணு உங்களையே பாக்குது?"

"ஆபீஸ்ல ஒருத்தரோட பொண்ணு."

"மூக்கப் பாருங்க, அப்படியே உங்க மூக்கு!" என்று அவர் சிரித்தார். என் தோழிகளும் சிரித்தார்கள். ஒரே பக்கமுள்ள மெனு கார்டை நீங்கள் வெகுநேரம் படித்தீர்கள்.

பிறகு, "நல்லா படிக்கிறியாம்மா?" என்றீர்கள்.

"படிக்கிறேன், அங்கிள்."

உடனே உங்கள் முகம் தெளிந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு நீங்களே வந்து சொல்லுங்கள். வராவிட்டால் நான் சொல்வேன், ஒன்றையும் விடாமல்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்