பாசியில் நகர்ந்த இலை

மதினி,

இன்று காலை, நான் வாக்கப்பட்டு வந்த நெற்குப்பையில் என் வாசலுக்கு வந்த தொண்டி மீன்காரர் கூடையில், மீனோடு ஒரு கொத்துப் பச்சைப் பாசியும் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எழுத்து தெரியாதே. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

நம் அரியக்குடிக்குக் கரண்டு வந்த வருசம் அது. கடலோரத்தில் பிறந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவர் நீங்கள். லாரி ஓட்டிய அண்ணன் வரும்போதெல்லாம் குத்திக்காட்டுவார். "ஒங்கூருல உப்பையும் கவிச்சியையும் விட்டா என்ன இருக்கு?" ஆடிக்குத் தாய்வீடு போன நீங்கள், திரும்பும்போது ஒரு கண்ணாடிப் புட்டியில் கடல்தண்ணீரும் பாசியும் கொண்டுவந்தீர்கள். தேவகோட்டையில் பஸ் மாறும்போது, ஊறுகாயா என்று கண்டக்டர் கேட்டாராம். அந்தக் கண்டக்டர் பிறகு ஒக்கூரில் நம் சொந்தத்திலேயே பெண் எடுத்தார், அது வேறு கதை.

புட்டியில் பாசியைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் ஈர்க்குச்சியால் தொட்டதும் ஒரு இலை மட்டும் நகர்ந்தது. ஓடில்லாத நத்தை, நகத்தளவுதான். தலையில் இரண்டு கொம்பு, உடம்பெல்லாம் பாசியின் அதே பச்சை. "வெள்ளிக்கெழம ஒங்கண்ணன் வரட்டும், காட்டுறேன்" என்றீர்கள். அந்த மூன்று நாளும் நீங்கள் சிரித்த மாதிரி அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை புட்டியில் தண்ணீர் குறைந்து வாடை அடித்தது. பாவம் என்று, ஊரே புகழும் நம் ஊருணித் தண்ணீரை நிறைய ஊற்றினேன். பொழுது சாய்வதற்குள் அது வெளுத்துச் சுருண்டு அடியில் கிடந்தது.

புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னீர்கள்: "நீ நல்லதுன்னு நெனச்சுத்தேன் ஊத்துன, ஆத்தா. அதுக்கு ஒத்துக்கிறல."

மறுநாள் அழுகிய பாசியைப் பார்த்து அண்ணன் சிரித்தார். வழியிலேயே செத்துவிட்டது என்றீர்கள். அடுப்படி வாசலில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. அதற்கப்புறம் தாய்வீட்டிலிருந்து நீங்கள் எதையும் கொண்டுவரவில்லை, கடலைப் பற்றிப் பேசவும் இல்லை.

ஊருணித் தண்ணீரை ஊற்றியது நான்தான் என்று அண்ணன் சாகும்வரை அவரிடம் நான் சொல்லவில்லை. போன மாசம் நீங்களும் போய்விட்டீர்கள்.

இந்தப் பாசியைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. உப்புக் கரைத்த தண்ணீரில் போட்டு, ஈர்க்குச்சியால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். ஒரு இலையும் நகரவில்லை, மதினி.