என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அப்பாவுக்கு இருமல் நின்றதா?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்ததை டிவியில் பார்த்துவிட்டு, "ஐயோ, எம்பொண்ணு காலு போச்சே" என்று கத்தினாயாம். அப்புறம் சாப்பிடவே இல்லையாம். தங்கை போனில் சொன்னாள். அம்மா, அது நடிப்பு.

எதிரணி எங்களைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தது. கோல்கீப்பர் இல்லாமல் ஆட முடியாது, அதனால் எனக்கு அடிபட்டால் ஆட்டத்தை நிறுத்துவார்கள். அந்த இடைவெளியில் கோச் மற்றவர்களைக் கூப்பிட்டுப் பேசிவிடுவார். அவர் காதைத் தொட்டால் நான் விழ வேண்டும். எல்லா அணியிலும் நடப்பதுதான் என்கிறார்.

புதிதாகச் சேர்ந்த டிஃபெண்டர் பெண்ணுக்கு மட்டும் இது தெரியாது. கோச்சிடம் போகாமல் என் பக்கத்தில் மண்டியிட்டு, "எங்க வலிக்குதுக்கா? சொல்லுக்கா" என்று அழுதாள். நான் கண்ணைத் திறக்கவே இல்லை. ஜெயித்துவிட்டோம். உடை மாற்றும் அறையில் எல்லோரும் என் முதுகில் தட்டிச் சிரித்தபோது, அவள் குனிந்து என் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கூனிக்குறுகிப் போனேன்.

தைலம் எதுவும் அனுப்பாதே. என் பழைய போர்வையை அனுப்பு. துவைத்துவிடாதே, அப்படியே அனுப்பு.

பயிற்சிக்குப் போகும் பஸ் ஹாரன் அடிக்கிறது. இனிமேல் நான் விழுந்து கிடந்தால் பயப்படாமல் சாப்பிடு. நிஜமாகவே அடிபட்டால், நீ பார்த்துக்கொண்டிருப்பாயே என்று உடனே எழுந்துவிடுவேன்.

உன் மகள்