முப்பத்தெட்டாவது ஷீட்

மார்ச் 3, செவ்வாய்

அண்ணனிடமிருந்து மெயில். முப்பத்தெட்டு ஃபைல். அப்பாவின் ஆல்பம் முழுவதையும் ஆபீஸ் ஸ்கேனரில் ஏற்றிவிட்டானாம். ஏற்றின லட்சணம் இது: ஷீட்டுக்கு நாலு போட்டோவாகக் கண்ணாடி மேல் கொட்டி, மூடியை அமுக்கியிருக்கிறான். ஒன்று நேராக, ஒன்று சாய்வாக, ஒன்று தலைகீழாக. பெரியப்பா குடும்பமே கூரையிலிருந்து தொங்குகிறது.

குடும்ப குரூப்பில் அதற்குள் அறிவிப்பும் வந்துவிட்டது, நம் பொக்கிஷத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று. பதினெட்டு பேர் கைதட்டியிருக்கிறார்கள். எனக்கு மட்டும் தனியாக போன்: "நீ வீட்லதானே இருக்க. ஒவ்வொண்ணா வெட்டி எல்லாருக்கும் அனுப்பிடு."

வீட்டில்தான் இருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தபடியே பிழை திருத்துகிறேன். அண்ணன் அகராதியில் அதற்குப் பெயர் சும்மா இருப்பது.

செய்வேன். அவனுக்காக இல்லை. அந்த ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. ஜன்னல் பக்கத்தில் அம்மா, இடுப்பில் நான். அம்மா கேமராவைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறாள். நான் எதிரே இருப்பவர்களை முறைக்கிறேன். எனக்கு ஒன்றரை வயதில் அம்மா போய்விட்டாள். அவளோடு நான் இருக்கிற படம் அது ஒன்றுதான். எத்தனை தடவை கேட்டிருப்பேன்! ஆல்பத்தைக் கலைக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே கொடுக்காமல் வைத்திருந்தான்.

மார்ச் 4, புதன்

இவர் ஒரு புரோகிராம் போட்டுக் கொடுத்தார். அதுவே ஓரம் கண்டுபிடித்து, நேராக்கி, தனித்தனி ஃபைலாக வெட்டிவிடுமாம். "நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா, முடிஞ்சிருக்கும்" என்றார்.

குடித்துவிட்டு வந்தேன். முடித்துத்தான் வைத்திருந்தது. அப்பா ஓய்வு பெற்ற அன்று எடுத்த படத்தில் நடுவே ஒரு வெள்ளைத் தூண். வெள்ளை என்றால் இந்த மகா மேதைக்கு இடைவெளி. ஒரு ஃபைலில் அப்பா கடிகாரப் பெட்டியோடு தனியாக நிற்கிறார். இன்னொரு ஃபைலில் மூன்று அதிகாரிகள் யாருக்கென்றே தெரியாமல் கைதட்டுகிறார்கள். வெள்ளைச் சட்டை போட்ட மாமாவுக்கு ஒரு தோளே காணோம்.

கடைசி ஷீட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டது. அது ஒன்றுதான் சரி. திறந்து பார்த்தேன், வெறும் வெள்ளை. காலிக் கண்ணாடியையும் ஸ்கேன் பண்ணி அனுப்பியிருக்கிறான் புண்ணியவான். அழித்துவிட்டேன்.

நாளையிலிருந்து கையாலேயே வெட்டப்போகிறேன்.

மார்ச் 5, வியாழன்

பன்னிரண்டு ஷீட். கழுத்து போய்விட்டது. அம்மா படம் இன்னும் வரவில்லை.

மார்ச் 7, சனி

முப்பத்தேழு ஷீட்டும் முடிந்தது. நூற்று நாற்பத்தெட்டு படம். பேரும் வருஷமும் போட்டு வைத்தாயிற்று. அண்ணன் மட்டும் முப்பத்தொரு படத்தில் இருக்கிறான், எல்லாவற்றிலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அந்தப் படம் இல்லை.

போன் பண்ணினேன். எல்லாவற்றையும் எண்ணித்தான் வைத்தானாம். முப்பத்தெட்டு ஷீட், நாலு நாலாக, நூற்று ஐம்பத்திரண்டு. கடைசி ஷீட் காலி என்றேன். அதிலும் நாலு வைத்தேன் என்கிறான். சரி, வாக்குவாதம் வேண்டாம், அந்தப் படத்தை மட்டும் எடுத்து மறுபடி ஸ்கேன் பண்ணு என்றேன், ரொம்பப் பொறுமையாக.

"எத எடுக்கறது? அதான் ஸ்கேன் பண்ணியாச்சே. ஒரே பூஞ்சை. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன்."

கலைக்கக் கூடாத ஆல்பம். குப்பையில் போடலாம் போலிருக்கிறது! பொக்கிஷத்தைக் காப்பாற்றினவனாம்... இவனுக்குக் கைதட்டல் ஒரு கேடு! அதற்குப் பிறகு நான் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நானே திருத்தவேண்டிவரும்.

கடைசியில் அவன் பழைய பாட்டையே பாடினான்: "நம்ம வீட்ல யாருக்குமே இல்லாத வாய் உனக்கு. எங்கேருந்துதான் வந்துச்சோ." அப்பா பாடியதும் இதே பாட்டுதான். போனை வைத்துவிட்டேன்.

அழுதேன். எழுதிவைக்கிறேன், வெட்கமில்லை.

மார்ச் 8, ஞாயிறு

உங்க அண்ணன் வேண்டுமென்றா செய்தார் என்று இவர் சமாதானம் சொல்கிறார். வேண்டுமென்று செய்திருந்தால் கொஞ்சம் மூளை இருக்கிறது என்றாவது ஆறுதல் அடைவேன்.

மார்ச் 9, திங்கள்

நாலு வைத்தேன் என்று அவன் அடித்துச் சொன்னது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அவனுக்கு எது வராவிட்டாலும் எண்ண வரும். அழித்த ஃபைலை மீட்டு எடுத்தேன். வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போனேன். வெள்ளைக்குள் இன்னொரு வெள்ளை, கொஞ்சம் பழுப்பாக. நாலு சதுரம்.

படத்தின் முகம் மூடியைப் பார்க்க, முதுகைக் கண்ணாடியில் வைத்திருக்கிறான்! இவ்வளவு பெரிய ஆபீஸை நடத்துகிறவனுக்கு ஒரு போட்டோவின் முன்பக்கம் எது என்று தெரியவில்லை.

திட்டிக்கொண்டே இன்னும் கொஞ்சம் கருப்பாக்கினேன். கீறல் மாதிரி ஏதோ தெரிந்தது. பெரிதாக்கினேன். பென்சில் எழுத்து. எனக்குத் தெரியாத கையெழுத்து. ஆல்பத்தில் நாலு மூலையும் சொருகியிருந்த வரைக்கும் யாரும் படங்களைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலாவது: "இவர் நிற்கிற விறைப்பைப் பார்த்தால் போட்டோவுக்கா, தண்டனைக்கா என்று தெரியவில்லை."

இவர். அப்பாவை 'இவர்' என்று எழுத ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

இரண்டாவது: "பெரியவனுக்குப் புதுச் சட்டை. அழுக்காகப் பத்து நிமிடம் ஆனது. இந்த முறை தாமதம்."

மூன்றாவதில் தேதி மட்டும்.

நாலாவது: "பாப்பாவுக்கு எட்டு மாதம். ஜன்னல் பக்கம் நிற்க வைத்து, போட்டோக்காரர் அரை மணி நேரம் கிலுகிலுப்பை ஆட்டினார். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்கவில்லை. என் பெண்."

இவர் காபி கொண்டுவந்து வைத்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். திரையைக் காட்டினேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "உன் எழுத்து மாதிரியே இருக்கே" என்றார். கையெழுத்தைச் சொல்லவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

அப்படியானால் மற்ற நூற்று நாற்பத்தெட்டில், அம்மா இருந்தபோது எடுத்த படங்களின் முதுகில்?

மார்ச் 12, வியாழன்

ஒரு வரி வேலை ஓடவில்லை. நூற்று நாற்பத்தெட்டு. பாவி. பாவி.

மார்ச் 15, ஞாயிறு

கடைசி ஷீட்டையும் நாலு ஃபைலாக வெட்டினேன். குரூப்பில் போடவில்லை. அண்ணனுக்கு மட்டும் அனுப்பினேன், ஒரு வார்த்தையும் எழுதாமல்.

ஒரு மணி நேரம் கழித்து போன் வந்தது. அந்த அதிகாரக் குரல் இல்லை. அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது.

"அம்மா இப்படித்தான் பேசுவாங்க" என்றான். "எனக்கு மறந்தே போச்சு."

 அவன் பக்கத்தில் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டான்: "மத்த போட்டோ பின்னாடியும் எழுதியிருப்பாங்களா?"

ஆறு நாளாக இந்தக் கேள்விக்குத்தான் பதில் தீட்டிவைத்திருந்தேன். நல்ல பதில். ஒரு பிழை இல்லை. ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்.

"இல்லண்ணா. இந்த நாலுல மட்டும்தான் எழுதியிருக்கும். அதப் பார்த்துட்டுத்தான் நீ திருப்பி வச்சிருப்ப."

"அதானே" என்றான். "நான் பார்த்துத்தான் வச்சிருப்பேன்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. முட்டாள். அப்படியே நம்பிவிட்டான்.