மணப்பாக்கத்துப் பாட்டில்

கோயம்புத்தூர்
4.8.2024

அன்புள்ள ஜான் அண்ணா,

நீயும் தேசம்மா அண்ணியும் சௌக்கியமா? மாசாமாசம் நீ அடையாத்துல அள்ளி அனுப்புற பாட்டிலெல்லாம் வந்துச்சு. எந்தப் பூச்சி வாழுதுன்னு பாத்தாலே தண்ணி எப்படின்னு தெரிஞ்சிடும்னு சொல்லியிருக்கேன்ல? மணப்பாக்கத்துப் பாட்டில்ல மூணு வால் பூச்சி ஒன்பது இருக்கு. அது சுத்தமான தண்ணியிலதான் பிழைக்கும். சாக்கடை கலக்குற இடத்துல எப்படிண்ணா வரும்? போன் பண்ணா கட் பண்ற. என் டாக்டர் பட்டமே இதை நம்பித்தான் இருக்கு. உண்மையைச் சொல்லிடு.

ஏஞ்சல்

ஊரூர் குப்பம்
7.8.2024

பாப்பா,

கோச்சிக்காத. உன் குரலைக் கேட்டா பொய் வராது, அதான் போனை எடுக்கல. அது குன்றத்தூராண்ட ஒரு கால்வாய்ல புடிச்சது. நல்ல பூச்சியா அனுப்புனா உனக்கு மார்க் ஜாஸ்தி போடுவாங்கோன்னு நெனச்சிக்கினேன். நான் இன்னாத்த கண்டேன்?

வலை இழுக்கறப்ப சிப்பி கிழிச்சி கால்ல புண்ணு வேற. அந்தத் தண்ணில இறங்க பயமா கீது. ஆறட்டும், போறேன்.

உன் அண்ணன்
ஜான்

கோயம்புத்தூர்
10.8.2024

அண்ணா,

மார்க்கா? நான் என்ன பத்தாவதா படிக்கிறேன்? "ஆத்தோட ஜாதகத்தையே மாத்திட்டியேம்மா"ன்னு கைடு நாலு பேர் முன்னாடி சிரிச்சார். அசிங்கமாப் போச்சு.

கால் புண்ணாம்! கடலுக்குப் போறவனுக்கு முழங்கால் தண்ணி பயமா? சாக்கு சொல்லாத. இருபதாம் தேதிக்குள்ள அதே இடத்துல இறங்கி, கல்லைத் தேய்ச்சு எடுத்து அனுப்பு. இல்லேன்னா எனக்கு அண்ணனே இல்லைன்னு நினைச்சுக்கிறேன்.

ஏஞ்சல்

ஊரூர் குப்பம்
19.8.2024

பாப்பா,

போன திங்கக்கிழமையே இறங்கிட்டேன். ஒவ்வொரு கல்லா தேய்ச்சி எடுத்தேன். வெறும் சாக்கடைல வர்ற சிவப்புப் புழுதான், நெளிஞ்சிக்கினு கீது. இப்ப சரியா?

ரெண்டு நாளா ஜுரம். மாத்திரை போட்டுக்கினேன், ஒண்ணுமில்ல. கோவம் போச்சுன்னு ஒரு வார்த்தை எழுது.

ஜான்

ஊரூர் குப்பம்
15.9.2024

ஏஞ்சலு,

அவரு கல்லறையாண்ட உன்னைக் கட்டிப் புடிச்சி அழுதேன். அப்ப எனக்கு எதுவும் தெரியாது.

எலிக்காய்ச்சல், கால் புண்ணு வழியா ஏறிச்சின்னு டாக்டர் சொன்னாரு. அந்த நாத்தத் தண்ணில ஏன்யா இறங்குனன்னு ஆஸ்பத்திரில கேட்டுக்கினே இருந்தேன். மீன் புடிக்கன்னு சொன்னாரு. ஆத்துல எவன்யா இப்ப மீன் புடிக்கிறான்னு திட்டக்கூட திட்டினேன், பாவி நான்.

நேத்து அவரு சட்டையை எடுத்தேன். பாக்கெட்டுல உன் லெட்டர் இருந்துச்சி. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். உசுரு போற வரைக்கும் அந்த மனுஷன் உன்னைக் காட்டிக் குடுக்கல.

நல்லா படி. டாக்டராவு, அது அவரு ஆசை. எங்க வீட்டுப் பக்கம் மட்டும் வராத.

தேசம்மா