வெள்ளிக்கிழமைத் துணிகள்

வாங்காயோ,
செப்டம்பர் 4

அன்புள்ள ஆர்மிடாவுக்கு,

எர்மெலிந்தா எழுதிக்கொள்வது. நான் நலம். பியூரா வெயில் இந்த வருடம் உன்னை அதிகம் வாட்டவில்லை என்றும், வகுப்பில் கத்திக் கத்திக் கட்டிக்கொண்ட தொண்டை சரியாகிவிட்டது என்றும் நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் தபாலில் கடிதமா என்று சிரிப்பாய். வேறு வழி வைத்தாயா நீ? காணாமல் போனவர்களைத் தேடும் நம் 'தடம்' இணையக் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டாய், என் எண்ணையும் தடுத்துவிட்டாய். மூன்று வருடத்துக்கு முன் உனக்கு இங்கிருந்து பாலாடைக்கட்டி அனுப்பினேனே, அப்போது நீ கொடுத்த முகவரி ஒரு பழைய நோட்டின் பின்னட்டையில் கிடைத்தது. உறையின் மேல் என் பெயரைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இதுவரை படித்துவிட்டாய் என்றால், தயவுசெய்து மீதியையும் படித்துவிடு.

இங்கே உறைபனி கடுமை. உருளைக்கிழங்குச் செடிகள் கருகிப்போய், சந்தைக்கு வருகிறவர்கள் முகமெல்லாம் சுருங்கிக் கிடக்கிறது. என் முட்டி வலி அப்படியேதான். ஆனாலும் கடையைப் பூட்டவில்லை. நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் ஒரு நாள் பூட்டினாலும் நாலு பேர் வாய்தா தவறிவிடும்.

ஜூலை கடைசியில் ஒரு நாள் காலையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்து மூன்று செட் எடுக்கச் சொன்னார். வருகிற காகிதங்களை நான் படிப்பதில்லை. படித்தால் இந்தத் தொழில் செய்ய முடியாது. ஆனால் முதல் பக்கத்தில் ஆற்றங்கரைப் படம் இருந்தது. அதன் கீழே 'கண்ணாடிக்காரி' என்ற என் குழுப் பெயர். அதற்குக் கீழே நான் எழுதியது.

"எங்கள் மலையில் ஒருவர் இறந்தால், ஐந்தாம் நாள் அவர் துணிகளை ஆற்றில் கொண்டுபோய்த் துவைப்போம். உயிரோடு இருப்பவருக்கு அப்படிச் செய்வதில்லை. கணவன் காணாமல் போன ஐந்தாம் நாள் இந்தப் பெண் அவன் துணிகளைத் துவைக்கிறாள். அவன் இறந்துவிட்டான் என்று இவளுக்கு யார் சொன்னது?"

என் இயந்திரத்திலிருந்து என் வாக்கியம் சூடாக மூன்று முறை வெளியே வந்தது. என் கையாலேயே அடுக்கி, என் கையாலேயே பின் அடித்தேன்.

வந்தவர் ஃபோர்துனாதோ. காணாமல் போன எலாதியோ போமாவின் அண்ணன். அவருக்கு என்னைத் தெரியாது. பெருமையோடு சொன்னார்: "இத எழுதினது யாருன்னு தெரியலம்மா, ஆனா நம்ம ஊரு ஆளுதான். நம்ம வழக்கம் தெரிஞ்சவங்க. ஜட்ஜம்மா இத ஒருதடவ படிச்சாப் போதும், பிள்ளைங்க ரெண்டும் எங்ககிட்டயே இருந்துரும்."

ஆர்மிடா, இந்த வழக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். ஆனாலும் முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். சொன்னால்தான் எந்த இடத்தில் வழுக்கி விழுந்தேன் என்று எனக்கே தெரிகிறது. எலாதியோ லாரி ஓட்டுபவன். ஒவ்வொரு திங்களும் கிழங்கு ஏற்றிக்கொண்டு லிமாவுக்குப் போவான், சனிக்கிழமை வீடு திரும்புவான். இரண்டு வருடத்துக்கு முன் ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை போனான். வியாழக்கிழமை லாரி மட்டும் மலைக்கணவாய் ஓரத்தில், கதவு பூட்டியபடி நின்றது. ஆளைக் காணோம், இன்றுவரை காணோம். வெள்ளிக்கிழமை அவன் மனைவி நெய்தா ஆற்றில் ஆண் துணிகளைத் துவைப்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் யாரோ கைப்பேசியில் எடுத்திருக்கிறார். நாற்பது வினாடி.

அந்த நாற்பது வினாடி நம் குழுவுக்கு வந்தபோது வழக்கு ஆறிக்கிடந்தது. லாரிச் சக்கரத்தின் தேய்மானத்தைப் பற்றி மூன்று வாரம் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். என் பதிவு வந்ததும் பதினோராயிரம் பேரும் விழித்துக்கொண்டார்கள். நீ அதைப் பக்கத்தின் உச்சியில் நிறுத்தி, "கண்ணாடிக்காரி வழக்கை உடைத்துவிட்டாள்" என்று எழுதினாய். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்பதைத் தவிர என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அன்று எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாம் என் கருத்தைக் கேட்டார்கள். என் அம்மாவின் துணிகளை அண்ணனோடு சேர்ந்து ஐந்தாம் நாள் கல்லில் அடித்துத் துவைத்தவள் நான். அதனால் எனக்குத் தெரியும் என்ற திமிர்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். சந்தையில் நெய்தாவிடம் காய் வாங்குவதை நிறுத்தினார்கள். கதவில் சிவப்புச் சாயத்தால் எழுதினார்கள். காவல்துறை மறுபடி கூப்பிட்டு விசாரித்தது, ஒன்றும் கிடைக்காமல் அனுப்பிவிட்டது. மறுபாதியை ஃபோர்துனாதோ சொல்லித்தான் நான் அறிந்தேன். மூத்தவள் லுஸ்மிலாவுக்கு ஒன்பது வயது, சின்னவள் தானியாவுக்கு ஆறு. இரண்டு பேரையும் பெரியப்பா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நிரந்தரமாகவே வைத்துக்கொள்ள இப்போது வழக்கு.

ஃபோர்துனாதோ வந்துபோன அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நெய்தா இருக்கும் ஹவுஹாவுக்குப் பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று நினைத்துவிடாதே, அவ்வளவு நல்லவள் இல்லை நான். என் வாக்கியம் சரிதான் என்று என் கண்ணால் பார்த்து நிம்மதியாகத் திரும்பிவரப் போனேன்.

நெய்தா ஒரு விடுதியின் கொல்லையில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அதுதான் பிழைப்பு. நீதிமன்றத்துக்கு எதிரே கடை வைத்திருக்கிறேன், உங்கள் வழக்குக் காகிதங்களைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். யார் எவர் என்று கூடக் கேட்காமல் உட்காரவைத்து வாழைக்காய் பொரித்துக் கொடுத்தாள். அவள் வாய் திறந்ததுமே எடுத்த வாழைக்காயைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். இழுத்து இழுத்துப் பாட்டுப் போல வருகிற பேச்சு. அது மலைப்பேச்சே இல்லை. எந்த ஊர் என்று கேட்டேன். யூரிமாகுவாஸ் என்றாள்.

யூரிமாகுவாஸ், ஆர்மிடா. காட்டுப்பக்கம், படகு போகிற ஆற்றங்கரை. ஐந்தாம் நாள் துவைப்பது அங்கே கிடையாது. அவள் பிறந்த ஊர் நம் குழு தொகுத்த வழக்குக் குறிப்பின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது, வீட்டுக்கு வந்ததும் தேடிப் பார்த்தேன். சக்கரத்தை அளந்த பதினோராயிரம் பேரில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. மற்றவர்களை விடு, என் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

அன்று ஏன் துவைத்தாய் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வெள்ளிக்கெழம எப்பவும் தொவைப்பேங்க்கா. சனிக்கெழம வந்ததும் குளிச்சிட்டு மாத்திக்க வேணாமா அவருக்கு? லாரி தனியா நிக்குதுன்னு போலீஸு சொல்லிட்டுப் போனாங்க. எங்கயோ நடந்து வர்றாரு போல, அழுக்கோட வருவாரேன்னு இன்னும் ரெண்டு சட்ட சேத்துத் தொவச்சேன்."

நான் யார் என்று அப்போதுதான் சொன்னேன். கண்ணாடிக்காரி நான்தான் என்றேன். திட்டுவாள், சோப்புத் தண்ணீரை மூஞ்சியில் ஊற்றுவாள் என்று காத்திருந்தேன். ஊற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஈரக் கையை மடியில் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அஞ்சாம் நாளு தொவச்சா, உசுரோட இருக்கிறவங்களும் செத்துருவாங்களாக்கா? மாமியா அப்படித்தான் சொன்னாங்க. நான் தொவச்சதாலதான் அவரு வரலியா?"

இல்லை, இல்லை, அப்படிக் கிடையாது என்று எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. இரண்டு வருடமாக இதை யாரிடமும் கேட்க முடியவில்லை என்றாள். பிறகு மிச்சமிருந்த விரிப்புகளை நானும் சேர்ந்து பிழிந்து கொடுத்தேன். வேறென்ன செய்ய?

எலாதியோவுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. வேறு யார் என்ன செய்தார்கள் என்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: என் வாக்கியம் தப்பு.

இதைத்தான் திரும்பி வந்ததும் குழுவில் எழுதினேன். நீ பத்து நிமிடத்தில் அழித்தாய். குற்றம் செய்தவர்கள் நன்றாகத்தான் அழுவார்கள், உன்னை உருக்கிவிட்டாள் என்றாய். நான் கொஞ்சம் காரமாகப் பேசிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். அதன் பிறகு கதவைச் சாத்திவிட்டாய். பழைய பதிவு மட்டும் இன்னும் உச்சியிலேயே நிற்கிறது.

நீதிமன்றத்திலும் போய்ச் சொன்னேன். எதிரேதான் கடை, முட்டி வலியோடு தெருவைக் கடந்து போனேன். ஃபோர்துனாதோவின் வக்கீல் சிரித்தபடி, "கண்ணாடிக்காரின்னு யாரு வேணா வந்து சொல்லிக்கலாமே, அந்தப் பொண்ணு கூட்டிட்டு வந்த ஆளு இவங்க" என்றார். நிரூபிக்க என்னிடம் என்ன இருக்கிறது? என் கணக்கையே நீ மூடிவிட்டாயே. நீதிபதி கறாராகச் சொல்லிவிட்டார்: இந்தப் பதிவை எழுதியது இவர்தான் என்று பக்கத்தை நடத்துபவர் தன் சொந்தப் பெயரில், நோட்டரி முன் கையெழுத்திட்டு அனுப்பவேண்டும். செப்டம்பர் பதினெட்டு காலை ஒன்பது மணிக்கு விசாரணை. அதற்குள் வராவிட்டால், இருக்கும் காகிதத்தை வைத்துத்தான் முடிவு.

சொந்தப் பெயரில் என்றால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். 'வடக்கு ஆந்தை' என்ற பெயரில் பக்கத்தை நடத்துவது நீதான் என்று நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். பெற்றோர்கள் பேசுவார்கள். நம்மால் கோபப்பட்டவர்கள் உன் வாசலுக்கும் வரலாம். சும்மா ஒரு கையெழுத்துதானே என்று நான் சொல்லமாட்டேன்.

ஒன்று கேட்க எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் கேட்கிறேன். உன் தம்பி ரெய்னால்தோவைப் பற்றி. மீன்பிடிக்கப் போன படகு கரைக்கு வந்தது, அவன் வரவில்லை என்று அவனுடைய பிறந்தநாளன்று ஒரு முறை என்னிடம் சொல்லி அழுதாய். பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. இந்த ஐந்து வருடத்தில் நீ முப்பத்தொரு பேருடைய வழக்கைக் குழுவில் போட்டிருக்கிறாய். மெக்சிகோவிலிருந்து, சிலியிலிருந்தெல்லாம் போட்டாய். உன் தம்பியின் வழக்கை ஒருநாளும் போடவில்லை. நமக்குள் அத்தனை கெட்டிக்காரர்கள் இருந்தும் போடவில்லை. ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. ஹவுஹாவிலிருந்து திரும்பும் பஸ்ஸில்தான் விளங்கியது. போட்டால், அன்று காலையில் உன் அம்மா எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டினார் என்று யாராவது கேட்பார்கள். ஏன் அழவில்லை என்று கேட்பார்கள். ஏன் அழுதார் என்று கேட்பார்கள்.

உன் அம்மாவை நீ காப்பாற்றினாய். சரியாகத்தான் செய்தாய். லுஸ்மிலாவுக்கும் தானியாவுக்கும் அப்படிச் செய்யத் தெரியாது, சின்னப் பிள்ளைகள். அவர்களுக்காகவும் ஒரு தடவை செய்துவிடு.

ரெய்னால்தோ எங்கே இருந்தாலும் கடவுள் அவனுக்குத் துணை இருக்கட்டும். உன் அம்மாவின் கையை எனக்காக ஒரு தடவை பிடித்துக்கொள். என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், பதினெட்டாம் தேதிக்குப் பிறகும் என்னிடம் பேசவே வேண்டாம். காகிதத்தை மட்டும் அனுப்பிவிடு, ஆர்மிடா.

உன் அன்புத் தோழி,
எர்மெலிந்தா தாகூரி
('கண்ணாடிக்காரி' என்று எழுதியவள்)