செடிக்குச் செடி நாலடி

13.3.1976, சனி

இன்றைக்கும் ஒரு வெள்ளைக்காரன் மலையோரம் காரை நிறுத்தினான். கூடையோடு நிற்கச் சொன்னான், திரும்பச் சொன்னான், சிரிக்கச் சொன்னான். எல்லாம் முடிந்ததும் ‘ஐ வில் செண்ட்’ என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். எங்கே அனுப்புவானாம்? எங்களில் ஒருத்தி பேராவது அவனுக்குத் தெரியுமா?

தங்கம்மா சொன்னாள்: “நம்ம மூஞ்சி சீமை பூரா தொங்குது. நம்ம வீட்டு செவுத்துல காலண்டர்தான் தொங்குது!” எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அம்மாக்கண்ணு அக்கா கலியாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். தீபாவளி முடிந்ததும் கோலா தெர்லாவுக்கு, மகன் வீட்டோடு போகிறாள். நாங்கள் பத்துப் பேரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்றால், அங்கே பின்னால் தாஜ்மகால் வரைந்த திரை. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “எனக்கு நம்ம மலதான்டி வேணும்.”

20.3.1976

எஸ்டேட்டின் பழைய துரை சீமைக்கே திரும்பிப் போய்விட்டார். பங்களாவில் கழித்த சாமான்களைக் கொட்டிவிட்டு வரும் வேலை என் வீட்டுக்காரருக்கு. எஸ்டேட் லோரி ஓட்டுகிறவர் அவர்தானே. வரும்போது ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வந்திருக்கிறார். பொத்தானை அமுக்கினால் கதவு மாதிரித் திறந்து, ஆர்மோனியத் துருத்திபோல ஒன்று முன்னால் வருகிறது. நுனியில் கண்ணாடி. கேமரா!

“பிள்ளைங்க வெளையாடட்டும்னு எடுத்தாந்தேன்” என்கிறார். பிள்ளைகள் கையிலா கொடுப்பேன்? அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அக்கா போவதற்குள் இதில் படம் எடுத்தே தீருவேன்.

21.3.1976

பிரிஞ்சாங் டவுனுக்குப் போனேன். ஸ்டூடியோ முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, உள்ளே பார்த்துவிட்டு, இதற்கு 620 பிலிம் வேண்டும், அது இப்போது இந்தப் பக்கமே வருவதில்லை என்றான். “சூடா மாத்தி லா, அம்மா!” செத்துப் போச்சாம். கண்ணாடி அலமாரியில் வைத்தால் அழகாக இருக்கும் என்று புத்தி வேறு சொல்கிறான். என் வீட்டில் ஏதுடா கண்ணாடி அலமாரி!

2.5.1976

தேயிலை ஏற்றிக்கொண்டு ஈப்போ போகும்போதெல்லாம் அவர் கடை கடையாகக் கேட்டிருக்கிறார். இன்றைக்கு ஒரு பிலிமோடு வந்தார். ஆனால் இது 120. பிலிம் இரண்டுக்கும் ஒன்றுதானாம், சுற்றியிருக்கும் கட்டைதான் பெரிதாம். போட்டுப் பார்த்தேன். உட்காரவில்லை. அவர்மேல் பாய்ந்தேன்.

“நான் என்னா, பிலிம் கம்பெனியா வச்சிருக்கேன்?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். பாவம், அவர் என்ன செய்வார்.

9.5.1976

உட்கார்ந்துவிட்டது! உட்கார்ந்துவிட்டது!

கேமராவுக்குள் பழைய காலிக் கட்டை ஒன்று கிடந்தது. அதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியதின் விளிம்புதான் அகலம், வேறொன்றும் இல்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தி தீட்டுகிற கல்லை எடுத்தேன். கம்பளிக்குள் கையை விட்டுக்கொண்டு, பிலிம் அவிழாமல் இறுக்கிப் பிடித்து, பிளாஸ்டிக் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். காலிக் கட்டையில் நுனியை மாட்டித் திருகினால், பின்பக்கத்துச் சிவப்புச் சன்னலில் ‘1’ வந்து நிற்கிறது! நான் போட்ட கூச்சலில் பாம்பு என்று நினைத்துத் தங்கம்மா விளக்குமாறோடு ஓடி வந்தாள்.

13.6.1976

படம் கழுவி வந்தது. மானம் போனது. எட்டுப் படத்திலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. முகமெல்லாம் கஞ்சி மாதிரி கலங்கிக் கிடக்கிறது. சாம்பசிவம் கங்காணி, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டுகிறார். “என்னா அம்சா, பேயப் புடிச்சிட்டு வந்திருக்கே?”

அழக்கூடாது என்றுதான் இருந்தேன். அழுதுவிட்டேன். அக்கா என் கண்ணைத் துடைத்துவிட்டு, “விடுடி, நான் இல்லாமப் போயிடவா போறேன்” என்றாள். அதுதானே அக்கா, நீ இல்லாமல்தான் போகப் போகிறாய்.

27.6.1976

கம்பளிக்குள் தலையை விட்டு, துருத்திக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மடிப்பு மூலைகளில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. வெளிச்சம் அங்கேதான் புகுந்திருக்கிறது. கிழிந்த குடைத் துணியைக் கத்தரித்து, லோரி டியூப் ஒட்டும் பசையால் ஒட்டினார். ஆமாம், அவர்தான். திட்டு வாங்கியவரே உட்கார்ந்து ஒட்டினார்.

5.8.1976

முகம் ஏன் கலங்கியது? கண்ணாடியைச் சுற்றி வளையத்தில் 6, 8, 10, 12 என்று எண்கள். அத்தனை அடி தூரம் என்று அர்த்தம். கண்ணால் பார்த்து நான் எப்படி அடி சொல்வது?

இன்றைக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது கங்காணி புதுசாக வந்த பெண்ணிடம் கத்தினார்: “செடிக்குச் செடி நாலடி, கையி எட்டாதா ஒனக்கு?” கையில் இருந்த கொழுந்து கீழே கொட்டிவிட்டது. நாலடி! இந்த மலை முழுக்க அளந்துதானே நட்டு வைத்திருக்கிறார்கள்! மூன்று செடி தள்ளி நின்றால் பன்னிரண்டு. அட மண்டே, இத்தனை நாளும் அளவுகோலுக்குள்ளேயேதான் நின்றுகொண்டிருந்தாயா?

2.10.1976

எடுத்தாயிற்று. அவர் ஈப்போவிலிருந்து வாங்கி வந்த இன்னொரு பிலிமையும் தேய்த்துப் போட்டிருந்தேன். மழை விட்டு வெயில் வந்த நேரம். பத்துக் கூடை, பத்துத் தலைத்துணி, நடுவில் அக்கா. மூன்று செடி எண்ணி நின்று முதல் ஆறையும் நான் எடுத்தேன். ஏழாவதில் நானும் இருக்கவேண்டுமே? கேமராவைக் கங்காணி கையில் கொடுத்தேன்.

“மூச்சு விடாம அமுக்குங்க கங்காணி, பேய் வந்துரப் போவுது!”

மனுஷன் உண்மையிலேயே மூச்சை அடக்கிக்கொண்டு அமுக்கினார்.

மிச்சம் ஒன்று. கங்காணி சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார், தனக்குத்தான் என்று. அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. வேறொரு வெள்ளைக்காரன் இறங்கினான், கேமராவைத் தூக்கினான். நானும் தூக்கினேன்.

“ஸ்டாப்! யூ ஸ்டேண்ட்!” என்றேன்.

தங்கம்மா தன் கூடையைக் கழற்றி அவன் முதுகில் மாட்டிவிட்டாள். முன்னால் போ, பின்னால் போ என்று மூன்று செடி தள்ளி நிறுத்தினேன். “ஸ்மைல்” என்றேன். மனுஷன் வெட்கப்பட்டுச் சிரித்தான். அப்புறம் வந்து கேட்டானே ஒரு கேள்வி, ‘படத்தை எனக்கு அனுப்புவாயா’ என்று! அக்கா சிரித்த சிரிப்பில் செடிமேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஐ வில் செண்ட்” என்றேன். விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

17.10.1976

எட்டும் விழுந்திருக்கிறது. எட்டும்! அக்காவின் மூக்குத்திகூடத் தெரிகிறது. தவுக்கே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எப்படி என்றான்.

“செத்தவன் எழுந்துட்டான் லா, தவுக்கே!”

வீடு வரை தரையில் கால் பாவவில்லை.

31.10.1976

அக்கா இன்றைக்குப் போனாள். சாமானெல்லாம் லோரியில். படத்தை மட்டும் கண்ணாடி போட்டு மடியிலேயே வைத்துக்கொண்டாள். எங்கள் லைன் வீடுகளில் மற்ற ஒன்பது பேர் சுவரிலும் அது தொங்குகிறது. கங்காணி வீட்டிலும் ஒன்று தொங்குகிறது. ‘நான் எடுத்த படம்’ என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டுகிறாராம். காட்டட்டும்.

1.11.1976

தபாலாபீஸில் வெள்ளைக்காரனின் படத்தை உறைக்குள் போட்டு ஒட்டினேன். தங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“அவனுங்க ஒருத்தனாச்சும் நமக்கு அனுப்பினானா? நீ ஏன்டி மெனக்கெட்டு அனுப்புறே?”

“அனுப்புறேன்னு சொல்லிட்டேன்ல” என்றேன்.