ஜன்னலோர மேசை

மேசை இழுப்பறையைத் திறந்தேன். ஈயப் புகை வாடையோடு உன் ஈர்க்குச்சித் துண்டுகள் கிடந்தன. நீ போன பிறகும் அவற்றை யாரும் பெருக்கித் தள்ளவில்லை. நான் போனால் என் சாமான்களை மறுநாளே குப்பையில் கொட்டிவிடுவார்கள்.

இந்த ராயபுரத்து ரேடியோ கடையில் நாம் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். ஜன்னலோர மேசையில் துறைமுகக் காற்று அடிக்கும், தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். இன்னொரு மேசை சுவரைப் பார்த்தபடி வெக்கையில் கிடந்தது. ஆளுக்கொரு ரேடியோ கட்டுங்கள், நன்றாகப் பாடுகிற ரேடியோவைக் கட்டியவனுக்கு ஜன்னல் என்றார் முதலாளி. எனக்கு அந்த ஜன்னல் வேண்டும் என்று அப்படியொரு ஆசை.

அலுமினியத் தகட்டில் கண்ணாடிக் குழல் வால்வுகளை வரிசை பிசகாமல் நிறுத்தினேன். கம்பிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து நூலால் கட்டினேன். பார்த்தவர்கள் மெச்சினார்கள். நீயோ தகட்டில் ஓட்டையே போடாமல் உட்கார்ந்திருந்தாய். வால்வுக்கும் கம்பிச் சுருளுக்கும் நடுவே எவ்வளவு கம்பி ஓடும் என்று ஈர்க்குச்சியை ஒடித்து வைத்துப் பார்ப்பாய். குச்சி விரல் நீளத்தைத் தாண்டினால் வால்வைக் கிட்டே நகர்த்துவாய். கடைசியில் எல்லாம் கோணல்மாணலாக நின்றன. நான் சிரித்தேன்.

“இன்னா மாமு, கம்பிக்கு ஜடை பின்னிகினு கீற? பக்கத்துல பக்கத்துல படுக்க வெச்சா அதுங்க வம்பு பேசிக்கும்” என்றாய்.

பொறாமையில் சொல்கிறாய் என்று நினைத்தேன். முதலாளி என் ரேடியோவின் குமிழைத் திருப்பினார். கொழும்பு வானொலிப் பாட்டு வரவேண்டிய இடத்தில் ஒரே ஊளை. ஒரு கம்பியில் ஓடியது அடுத்த கம்பியில் ஏறிச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. உன் கோணல் ரேடியோ தெளிவாகப் பாடியது. ஜன்னல் உனக்குப் போயிற்று. எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டிலும் நிம்மதியில்லை. நமக்கும் ஒரு ரேடியோ கட்டித் தருகிறேன் என்று மனைவியிடம் சொன்னபோது, “அந்த அண்ணன் கட்னதே ஒண்ணு வாங்கியாயேன்” என்றாள். சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

இப்போது ஜன்னல் எனக்கு வந்துவிட்டது. உன்னோடு பொறாமையும் போய்விடும் என்று பார்த்தேன், போகவில்லை. இன்று புதுத் தகடு ஒன்றை எடுத்து, உன் குச்சியைத்தான் வைத்துப் பார்த்தேன். நீளம் தாண்டியது. முணுமுணுத்துக்கொண்டே வால்வை நகர்த்தினேன்.

அப்போது ஒருவர் பழுதான ரேடியோவோடு வந்தார். முதலாளி என் பக்கம் கை காட்டினார். “செத்துப்போனாரே, அவரு மேசைல ஒர்த்தரு குந்திகினு கீறாரு பாரு, அவராண்ட குடு.”

காற்று நன்றாகத்தான் வருகிறது, தோஸ்து. வயிறு மட்டும் இன்னும் எரிகிறது.